குட்டை ரோம முயலும் வீட்டுத் தரையும்

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் இருக்கிற தடித்த சதைத் திண்டு முயலுக்குக் கிடையாது. அதன் பாதத்தின் அடியில் இருப்பவை மெல்லிய தோலும், அந்தத் தோலை மூடி வளரும் ரோமமும் மட்டுமே. உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டு எலும்புக்கும் தரைக்கும் நடுவே நிற்பது அந்த ரோமம்தான். ரெக்ஸ், மினி ரெக்ஸ் ஆகிய குட்டை ரோம இனங்களில் அந்தக் காப்பும் குறைவு. ஆகவே வழவழப்பான டைல்ஸ் பதித்த வீட்டுக்குள் இவ்வகை முயலை வளர்க்க விரும்புகிறவர், அதற்கு என்ன தீவனம் போடுவது, எங்கே கூண்டு வைப்பது என்பதையெல்லாம் யோசிப்பதற்கு முன், நாள் முழுவதும் அது எதன்மேல் உட்காரப் போகிறது என்பதை யோசித்தாக வேண்டும். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில ஆண்டுகளாக இரண்டு மினி ரெக்ஸ் முயல்களை வீட்டுக்குள்ளேயே வளர்த்துவரும் அனுபவத்தில், பாதப்புண்ணைத் தடுப்பதற்கும் ஆற்றுவதற்கும் எங்களுக்குப் பயன்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மூத்தவளின் பெயர் வெல்லம், அச்சுவெல்லத்தின் நிறம். வேறொரு வீட்டில் பால்கனியில் கம்பிவலைத் தரை கொண்ட கூண்டில் வளர்ந்தவள். அந்தக் குடும்பம் ஊர் மாறிச் சென்றபோது எங்களிடம் வந்தாள். வரும்போதே இரண்டு பின்னங்கால்களிலும் புண் இருந்தது. இளையவன் சாம்பல், குட்டியாக இருக்கும்போதே வந்தவன். நாங்கள் தரையைச் சீர்செய்த பிறகு வந்ததால் அவன் கால்கள் கெட்டதே இல்லை. ஒரே இனம், ஒரே வீடு, ஒரே தீவனம். ஆனால் வளர்ந்த தரை வேறு. இருவரின் பாதங்களையும் அடுத்தடுத்துத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் தரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கண்ணெதிரே தெரிகிறது.

ரெக்ஸ் ரோமத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சாதாரண முயலின் மேனியில் இரண்டு அடுக்கு ரோமம் உண்டு: உள்ளே மென்மையான அடிரோமம், அதற்கு மேலே நீண்டு, விறைப்பாக நிற்கும் காப்பு ரோமம். 1919இல் பிரான்சில் ஒரு கிராமத்துப் பண்ணையில், காப்பு ரோமம் அடிரோமத்தின் உயரத்தைத் தாண்டாத முயல் குட்டிகள் பிறந்தன. அவற்றைத் தேர்ந்து பெருக்கி 1924இல் பாரிஸ் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மரபணு மாற்றத்தின் வழிவந்தவையே இன்றைய ரெக்ஸ் முயல்கள். அவற்றில் குள்ளமான மினி ரெக்ஸ், 1988இல் அமெரிக்காவில் தனி இனமாக ஏற்கப்பட்டது. வளர்ந்த மினி ரெக்ஸ் ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ வரை இருக்கும். ரோமத்தின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். கையால் தடவும்போது வெல்வெட் துணியைத் தொடுவதாகத் தோன்றும் அந்த அழகுக்கு முயல் கொடுக்கும் விலை அதன் பாதத்தில் இருக்கிறது. நீண்டு விறைத்து நிற்கும் காப்பு ரோமம் இல்லாததால், பாதத்தின் அடியில் உள்ள ரோமம் எளிதில் நசுங்கித் தேய்ந்து, தோல் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும்.

புண் உருவாகும் விதத்தைப் புரிந்துகொண்டால் தடுப்பதற்கான வழிகளில் பாதியை நாமே கண்டுபிடித்துவிடலாம். முயல் ஓடும்போது விரல்களை ஊன்றி ஓடுகிறது. உட்காரும்போது விரல்நுனி முதல் குதிகால் வரை பின்னங்காலின் நீண்ட பாதம் முழுவதையும் தரையில் படிய வைக்கிறது. மண்ணிலோ புல்லிலோ உட்கார்ந்தால் நகங்கள் சற்று உள்ளே இறங்கும். எடை விரல்களுக்கும் பாதம் முழுமைக்கும் பரவிவிடும். டைல்ஸ், மொசைக், கிரானைட் போன்ற இறுகிய தரையில் நகம் இறங்க வழியில்லை. தரை நகத்தை மேலே தள்ளுகிறது, விரல்கள் எழும்புகின்றன, எடை பின்னால் சரிந்து குதிகாலை ஒட்டிய ஒரு சிறிய இடத்தில் குவிகிறது. அங்கே எலும்புக்கும் தோலுக்கும் இடையே சதை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. எலும்பும் தரையும் சேர்ந்து நெரிப்பதால் அந்த இடத்துத் தோலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு, தோல் சிறிது சிறிதாக நலிகிறது. அதன்மேல் சிறுநீர் ஈரமும் சேர்ந்தால் தோல் ஊறிப் பிளக்கும். பிளவு வழியே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்கள் புகுந்துவிடும். கம்பிவலைத் தரையில் இதே அழுத்தம் ஒரு கம்பியின் அகலத்துக்குள் குறுகிவிடுகிறது. வெல்லத்தின் கால் கெட்டது அப்படித்தான்.

முயலுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அவளைக் கொண்டுபோனபோது, அவர் காலைப் பார்த்த கையோடு கேட்ட முதல் கேள்வி, “வீட்டுல தரை என்ன தரைம்மா?” என்பதுதான். வழவழப்பான டைல்ஸ் என்றேன். “மருந்து நான் எழுதித் தரேன். ஆனா தரையை மாத்தலைன்னா நீங்க திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருப்பீங்க” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தரை முயல்களுக்கென்று வேறு விதமாக ஆனது. மருந்து புண்ணை ஆற்றும். ஆனால் புண்ணை உண்டாக்கிய அழுத்தத்தை மருந்தால் எடுக்க முடியாது.

பாதத்தைப் பார்க்கும் முறையை முதலில் பழக வேண்டும். நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முயலின் முதுகு என் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு கை அதன் மார்பின் கீழ் இருக்கும், மறு கை பின்புறத்தைத் தாங்கியிருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்தால் முயல் அசையாமல் கிடப்பதைப் பார்த்து அது சுகமாக இருக்கிறது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது அச்சத்தில் உறைந்து கிடக்கும் நிலை, அப்படிச் செய்யக் கூடாது. பிடி நழுவி முயல் பின்னங்கால்களை உதறினால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும் என்பதால் உயரமான நாற்காலியிலோ மேசை மேலோ வைத்துப் பார்ப்பதும் ஆபத்து. வீட்டில் இன்னொருவர் இருந்தால் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் பார்க்கலாம்.

விரல்களால் ரோமத்தை இரு பக்கமும் விலக்கினால் தோல் தெரியும். ரெக்ஸ் முயலில் குதிகாலை ஒட்டி ஒரு பட்டாணி அளவுக்கு ரோமம் இல்லாமல், வெளிர் இளஞ்சிவப்பாக, உலர்ந்து காய்த்துப்போன தோல் தெரிவது சாதாரணம். வயது வந்த ரெக்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இது இருக்கும். காய்ப்பு தட்டையாக, வறண்டு, அளவு மாறாமல் இருந்தால் பதற வேண்டியதில்லை. அந்தக் காய்ப்பும் ஒரு காப்புதான். அதைச் சுரண்டவோ வெட்டவோ கூடாது. கவலைப்பட வேண்டிய மாற்றங்கள் வேறு. காய்ப்பின் விளிம்பில் சிவப்பு ஏறுவது, தொட்டால் சூடாக இருப்பது, தோல் பளபளவென்று மெலிவது, வெடிப்பு விழுவது, பொருக்குத் தட்டுவது, ஈரம் கசிவது, ரத்தப் பொட்டு தெரிவது ஆகியவை புண் தொடங்கிவிட்டதைக் காட்டும். அதையும் தாண்டினால் சீழ் கட்டும். பிறகு தசைநாண், எலும்பு வரை கிருமி இறங்கும். பாதத்தைப் பிடித்துவைக்கும் தசைநாண் இடம்பெயர்ந்துவிட்டால் முயலால் மீண்டும் இயல்பாகக் காலூன்ற முடியாது. அந்த நிலைக்குப் போன காலை முழுமையாக மீட்பது மிகக் கடினம் என்பதால்தான் வாரம் ஒரு முறை பார்க்கும் வழக்கத்தை நான் விடுவதில்லை.

கண்ணளவில் வாரத்துக்கு வாரம் ஒப்பிடுவது கடினம். ஆகவே ஒரே ஜன்னலோரத்தில், காலை வெளிச்சத்தில், பாதத்தின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துவைக்கிறேன். காய்ப்பு பெரிதாகிறதா சிறிதாகிறதா என்பதை நாணயம் சொல்லிவிடும். மருத்துவரிடம் போகும்போது இந்தப் படங்கள் பெரிய உதவி; “போன மாதம் எப்படி இருந்தது?” என்று அவர் கேட்டால் வாயால் விவரிக்க வேண்டியதில்லை.

முயல் வலியை வெளியே காட்டாத பிராணி. நொண்டும்வரை காத்திருந்தால் புண் முற்றியிருக்கும். வெல்லத்திடம் நான் கவனித்த சிறிய அடையாளங்கள் இவை: உட்கார்ந்த இடத்திலேயே எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பாள், வழக்கமாக ஏறும் தாழ்ந்த பலகையில் ஏற மாட்டாள், முகம் துடைக்கும்போது பின்னங்கால்களில் நிமிர்ந்து உட்காராமல் பாதியில் நிறுத்திவிடுவாள். தீனியைக் குறைத்துக்கொள்வதும் வலியின் அறிகுறியே. முயல் அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது தனியே ஓர் அவசர நிலை. கால் புண் எப்படி இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி தரை. நம் ஊரில் கைக்குக் கிடைக்கும் விரிப்புகள் ஒவ்வொன்றையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம். முயலின் பாதத்துக்குத் தேவை மூன்று: மெத்தென்று இருக்க வேண்டும், உலர்ந்திருக்க வேண்டும், வழுக்கவோ உரசவோ கூடாது. கோரைப்பாயை முயல் கொறித்தாலும் தீங்கில்லை என்பது நல்லது. ஆனால் டைல்ஸ் மேல் வெறும் பாயை விரித்தால் அது மெத்தாக இருக்காது, பாயோடு சேர்ந்து முயலும் வழுக்கும். தேங்காய் நார் மிதியடி இயற்கைப் பொருள் என்பதற்காக வாங்கக் கூடாது. அதன் விறைத்த நார் ரெக்ஸின் பாதரோமத்தைத் தேய்த்துவிடும். செயற்கைப் புல் விரிப்பு பார்க்கப் பசுமையாக இருந்தாலும் அதன் இழைகள் கரடுமுரடானவை, சிறுநீரும் அடியில் தேங்கும். நைலான் கம்பளங்களில் முயல் ஓடித் திரும்பும்போது உராய்வால் ரோமம் உதிரும். சாக்கு நூல் நூலாகப் பிரியும். பிரிந்த நூலை முயல் விழுங்கினால் குடல் அடைபடும். டர்க்கி துண்டு மென்மையானதுதான், ஆனால் அதன் சுருள் இழைகளில் நகம் மாட்டிக்கொண்டு முயல் வெடுக்கென்று இழுத்தால் நகமே பிய்ந்துவிடும். யோகா விரிப்பு, ரப்பர் நுரை ஆகியவற்றைக் கொறித்துத் தின்றுவிடும் முயலுக்கு அவற்றை மேலே தெரியும்படி போடவே கூடாது.

எங்கள் வீட்டில் நிலைத்தது மூன்று அடுக்கு ஏற்பாடு. டைல்ஸ் மேல் வழுக்காத ரப்பர் வலை விரிப்பு. அதன்மேல் இரண்டாக மடித்த பருத்தி ஜமக்காளம். எல்லாவற்றுக்கும் மேலே தடித்த ஃபிளீஸ் துணி, அதாவது போர்வைகளில் பார்க்கிற மெத்தென்ற செயற்கை இழைத் துணி. பவானி ஜமக்காளத்தில் முழுப் பருத்தி நூலில் நெய்தது இதற்கு நன்றாக உழைக்கிறது. கனமாக இருப்பதால் முயலால் எளிதில் இழுத்துச் சுருட்ட முடிவதில்லை. ஃபிளீஸில் சுருள் இழை இல்லாததால் நகம் மாட்டாது. அதன்மேல் விழும் சிறுநீர் கீழே உள்ள பருத்திக்கு இறங்கிவிடுவதால் மேற்பரப்பு சீக்கிரம் உலரும். புதிய ஃபிளீஸை ஓரிரு முறை துவைத்த பிறகே சிறுநீர் கீழே இறங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஓரங்களை மடித்துத் தைத்துச் சோபாவின் கால்களுக்கு அடியில் செருகிவிட்டால் முயலின் பல்லுக்கு முனை கிடைக்காது. கம்பிக் கூண்டைத் தவிர்க்கவே முடியாதவர்கள், வலைத் தரை முழுவதையும் மூடும்படி அளவாக ஒரு பலகையை வெட்டிப் போட்டு, அதன்மேல் இதே விரிப்பைப் போடலாம்.

ஒரு விரிப்பு போதுமான அளவு மெத்தென்று இருக்கிறதா என்பதற்கு எளிய சோதனை உண்டு. அதன்மேல் முழங்காலிட்டுச் சில நிமிடங்கள் இருந்து பாருங்கள். நம் முழங்கால் எலும்புக்கு உறுத்தினால் முயலின் குதிகாலுக்கும் உறுத்தும். ஈரத்துக்குச் சோதனை இன்னும் எளிது: உலர்ந்த காகிதக் கைக்குட்டையை விரிப்பின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் காகிதத்தில் தெரிந்துவிடும்.

விரிப்புப் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்க நம் வெயில் விடாது. முயலுக்கு வியர்ப்பதில்லை, உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகள் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. 30 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குத் துன்பம். சென்னையின் மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிறது. சித்திரை வெயிலில் வெல்லம் தன் முன்னங்கால்களால் ஃபிளீஸை வறட்டு வறட்டென்று இழுத்துச் சுருட்டி ஓரம் தள்ளிவிட்டு, வெற்று டைல்ஸில் வயிறு படியப் படுத்துக்கொள்வாள். குளிர் நாட்டு முயல் வளர்ப்பாளர்கள் கொடுக்கும் அறிவுரைகளில் இதற்கு விடை இருக்காது. வெறும் தரை வேண்டாம் என்று அவர்கள் சொல்வது கால்களுக்குச் சரி. நம் ஊரில் வெறும் தரையே இல்லாமல் செய்துவிட்டால் முயல் வெப்பத்தில் வாடும், வெப்பத்தாக்கு வந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

இரண்டையும் பொருத்திப் பார்க்க உதவியது முயல்களின் இருப்பு நிலையைக் கவனித்ததுதான். கால்களைப் பின்னால் நீட்டிப் பக்கவாட்டிலோ வயிறு படியவோ படுத்திருக்கும் முயலின் எடையைத் தொடை, விலா, வயிறு எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. குதிகாலில் அழுத்தம் குறைவு. நிமிர்ந்தோ குறுகியோ உட்கார்ந்திருக்கும் முயலின் எடைதான் குதிகாலில் குவிகிறது. ஆகவே அவை நீட்டிப் படுக்கும் இடங்களான கட்டிலுக்கு அடியிலும் நிழலான சுவரோரத்திலும் கோடையில் டைல்ஸைத் திறந்துவிடுகிறோம். அவை உட்கார்ந்து தின்னும், முகம் துடைக்கும், வேடிக்கை பார்க்கும் இடங்களில் எந்தக் காலத்திலும் விரிப்பு இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு கடப்பைக் கல்லும் கிடக்கிறது; நண்பகலில் அதன் பக்கத்தில் தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தால் கல் நெடுநேரம் குளிர்ந்திருக்கும். கல்லின்மேல் தண்ணீர் தேங்காமல் துடைத்துவிட வேண்டும். குளிர்ச்சிக்காக வைத்தது பாதத்தை ஈரமாக்கிவிடக் கூடாது.

முயல் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம் எது என்று பார்த்தால், பலருக்கும் வியப்பாக இருக்கும், அது அதன் கழிவுத் தட்டுதான். முயலுக்குத் தின்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கம் உண்டு. தட்டுக்குப் பக்கத்தில் புல் வைத்தால் அதில் ஏறி உட்கார்ந்து நெடுநேரம் மென்றுகொண்டிருக்கும். வீடு முழுவதும் மெத்து விரித்துவிட்டுக் கழிவுத் தட்டில் பிளாஸ்டிக் துளைத்தட்டை வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். எங்கள் தட்டில் அடியில் செய்தித்தாள், அதன்மேல் ஈரம் உறிஞ்சும் மரக்குச்சித் துகள், அதன்மேல் நான்கு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த புல். மேல் புல்லைத் தினமும், மற்றவற்றை இரண்டு நாளுக்கு ஒரு முறையும் மாற்றுகிறோம். பூனைகளுக்கு விற்கும், நனைந்தால் கட்டியாகும் களிமண் மணலைப் போடக் கூடாது. முயல் அதைத் தின்றால் வயிற்றில் கட்டிவிடும். நெல் உமியில் தூசி அதிகம். தட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம்; அதன் காரம் பாதத்தோலையும் மூக்கையும் உறுத்தும். சிறுநீரின் வெள்ளைப் படிவு வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் போய்விடும்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நான் கூடுதல் கவனமாக இருக்கிறேன். துவைத்த துணி இரண்டு நாளானாலும் பிசுபிசுப்போடு இருக்கும், காற்றிலேயே ஈரம். இந்தக் காலத்துக்கென்று ஒவ்வொரு விரிப்புக்கும் கூடுதலாக இரண்டு மாற்று வைத்திருக்கிறோம். பருத்தி விரிப்பு முழுதாக உலராதபோது இஸ்திரி போட்டு ஆறவைத்துத்தான் விரிப்போம். புல்லும் வைக்கோலும் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். முகர்ந்து பார்த்துப் புளித்த வாடை வந்தால் படுக்கைக்கும் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும். கால் அழுக்காக இருக்கிறது என்று முயலைக் குளிப்பாட்டுவது இந்த மாதங்களில் மட்டுமல்ல, எந்த மாதத்திலும் கூடாது. நனைந்த பாதரோமம் திரிதிரியாக ஒட்டிக்கொண்டு இடையில் தோல் வெளியே தெரியும். குளியலின் அதிர்ச்சியும் முயலுக்கு ஆகாது. அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் நீர் எடுத்துவிடலாம்.

நகமும் எடையும் தரைக்கு அடுத்தவை. நீண்ட நகம் விரலை மேலே தூக்கி எடையைக் குதிகாலுக்குத் தள்ளுகிறது என்பதால் நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு ஒரு முறை வெட்ட வேண்டும். வெல்லத்தின் நகம் கருமை. உள்ளே ஓடும் ரத்தக்குழாய் தெரியாது. நகத்தின் பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் காட்டினால் அது எங்கே முடிகிறது என்று தெரியும். அதற்குச் சற்று முன்னால் நுனியை மட்டும் நறுக்கினால் போதும். எடை கூடினால் ஒவ்வொரு கிராமும் அந்தச் சிறிய இடத்தில்தான் இறங்குகிறது. சமையலறைத் தராசில் கூடையோடு வைத்து வாரந்தோறும் எடை பார்க்கிறோம். தீவனத்தில் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். இறக்குமதியாகும் திமோதி புல் விலை அதிகம் என்பதால் நாங்கள் அதோடு அருகம்புல்லையும், பால்காரர் கொண்டுவந்து தரும் கம்பு நேப்பியர் தீவனப்புல்லையும் கழுவி நிழலில் உலர்த்திக் கொடுக்கிறோம். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதிகம், அது குட்டிகளுக்கு மட்டும். குச்சித் தீவனம் வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டியதில்லை. அதையும் ஒரே கிண்ணத்தில் கொட்டாமல் கூடம் முழுவதும் தூவிவிட்டால் முயல் தேடித் தேடித் தின்னும். நாள் முழுதும் கூண்டில் உட்கார்ந்தே இருக்கும் முயலுக்கு எவ்வளவு மெத்து போட்டாலும் கால் கெடும். நடமாட்டம் பாதத்துக்கு இரத்த ஓட்டத்தைக் கொடுக்கிறது.

புண் வந்துவிட்டால் செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததைத் தெரிந்துகொள்வது முக்கியம். நம் வீடுகளில் புண் என்றதும் மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடத் தோன்றும். என் அம்மாவும் நல்லெண்ணத்தோடு அதைத்தான் சொன்னார். மஞ்சள் தோலில் ஏறிவிட்டால் சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்பதே தெரியாமல் போய்விடும். ஊதா நிற மருந்துக்கும் இதே குறை உண்டு. தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் பாதரோமத்தை ஒட்டவைத்து, மிச்சமிருக்கும் காப்பையும் குலைத்துவிடும். முயல் நக்கித் தின்னவும் செய்யும். மனிதர்களுக்கான ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தொடவே வேண்டாம். நாய் பூனைகளுக்கு வழக்கமாக எழுதப்படும் அமாக்சிசிலின் உள்ளிட்ட பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, தீய கிருமிகள் பெருகி, உயிருக்கே ஆபத்தாகும். கிளிண்டமைசின், லின்கோமைசின் ஆகியவையும் அப்படியே. எனவே முயலுக்குப் பழகிய மருத்துவரிடமே போவது நல்லது. எந்த மருத்துவரானாலும் ஆன்டிபயாட்டிக் எழுதும்போது முயலுக்கு வாய்வழி கொடுக்கத் தகுந்ததுதானா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

வெல்லத்துக்கு மருத்துவர் சொன்ன முறை எளிமையானது. சலைன் நீரில் நனைத்த பஞ்சால் புண்ணை ஒற்றித் துடைத்து, மெல்லிய துணியால் முழுவதுமாக ஈரம் எடுத்து, சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை மெல்லியதாகப் பூசி, அது தோலில் சுவறும்வரை கால் மணி நேரம் அவளை மடியிலேயே வைத்திருப்பேன். அந்த நேரத்தில் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தால் நக்கப் போக மாட்டாள். வலிக்கு மெலாக்சிகாம் மருந்தை அவர் எடைக்கேற்ப அளந்து கொடுத்தார். பொருக்கைப் பிய்க்காமல் தானாக உதிர விட்டோம். கட்டுப் போடுவதை வீட்டில் முயலக் கூடாது. இறுக்கினால் இரத்த ஓட்டம் நிற்கும், தளர்த்தினால் கழிவில் நனைந்து புண்ணைப் புழுக்கும். ஆழமான புண்ணுக்குக் கட்டு தேவையென்றால் அது மருத்துவர் கையால் நடக்க வேண்டியது. முயல் கால் புண் மெதுவாகவே ஆறும். வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். ஆறிய பிறகும் அந்த இடத்தில் ரோமம் பழையபடி வளர்வது அரிது. வெல்லத்துக்கு இன்றும் இரு குதிகால்களிலும் வழுக்கையான காய்ப்பு இருக்கிறது. அது உலர்ந்து, தட்டையாக, நாணயத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை எனக்குப் போதும்.

தீபாவளியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அச்சம் வந்தால் முயல் பின்னங்காலால் தரையை ஓங்கி அடிக்கும். அது தன் கூட்டத்துக்கு விடும் எச்சரிக்கை. வெடிச் சத்தம் ஓயாத இரவில் வெல்லம் விடிய விடிய அடித்துக்கொண்டே இருப்பாள். கெட்டித் தரையில் இப்படி அடித்தால் ஆறிய காய்ப்பு ஒரே இரவில் வெடித்து ரத்தம் கசியும். அதனால் பண்டிகைக்கு முன்பே இருவரையும் வீட்டின் உள்ளறைக்கு மாற்றி, ஜன்னல்களை மூடிக் கனமான திரையிட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, வழக்கமான விரிப்பின்மேல் இன்னொரு ஜமக்காளத்தையும் மடித்துப் போட்டு, புகுந்துகொள்ள அட்டைப்பெட்டி ஒன்றும் வைத்துவிடுவோம். மறுநாள் காலையில் வாரக் கணக்குப் பார்க்காமல் பாதங்களைப் பார்த்துவிடுவேன்.

புதிதாக ரெக்ஸ் முயல் வாங்க நினைப்பவர்கள் குட்டியின் முகத்தையும் நிறத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல், நான்கு கால்களையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் தாய், தந்தை முயல்களின் கால்களையும். பாதரோமத்தின் அடர்த்தி பெற்றோர் வழியே குட்டிக்கு வரும். அதனாலேயே கவனமாக இனப்பெருக்கம் செய்கிறவர்கள் உள்ளங்கால் ரோமம் அடர்ந்த முயல்களையே தேர்ந்துகொள்கிறார்கள். குட்டிகளைக் கம்பிவலைத் தரையில் வைத்திருக்கிறார்களா, எத்தனை நாளாக என்றும் கேளுங்கள். பாதத்தைக் காட்டத் தயங்குகிறவரிடம் முயல் வாங்க வேண்டாம். புண்ணோடு இருக்கும் ஒரு முயலை இரக்கத்தால் எடுத்து வருவதாக இருந்தால், அது வீட்டுக்கு வரும் முன்பே விரிப்பை வாங்கிப் போட்டு, மருத்துவரிடம் நேரம் குறித்துவிடுங்கள்.